காலா மீனுக்கு எந்தத் தூண்டில் முள்? ஜே, சர்க்கிள், ஆக்டோபஸ் குழப்பம்

சீர்காழித் தூண்டில்:

அண்ணன்மாருக்கு வணக்கம். பழையாறு பக்கம், கொள்ளிடம் முகத்துவாரத்துல கரையிலிருந்து காலாவுக்குப் போடுறேன். 8 அடி ராட், 4000 ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 30 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன்னால கட்டுற தனி நரம்பு). முள் 4/0, நீளத் தண்டு ஜே. இரை உயிர் இறால். மீன் நல்லாவே இழுக்குது. சுண்டினதும் மாட்டுது, பத்தடி வந்ததும் விட்டுடுது. முள் நுனியில வெள்ளையா சவ்வு மாதிரி ஒட்டியிருக்கு.

கடையில 'இந்தியன் சால்மன்'னு விக்கிறது நம்ம காலாதானே. வெளிநாட்டுல கடல் சால்மனுக்கு ஆக்டோபஸ், சைவாஷ்னு முள் சொல்றாங்க. அதையே வாங்கலாமா? அதே இடத்துல கொடுவாவும் ஏறுது, ரெண்டுக்கும் ஒரே முள் போதுமா? லூர்ல (செயற்கை இரை) வர்ற, ஒரே தண்டுல மூணு நுனி இருக்கிற மூணு முள்ளை மாத்தணுமா?

முகத்துவாரம்:

தம்பி, காலாவுக்குப் பேருலதான் சால்மன். பசிபிக்கிலயும் அட்லாண்டிக்கிலயும் இருக்கிறது குளிர்நீர் மீன், வேற குடும்பம், வங்கக்கடல்ல கிடையாது. நம்ம காலா, மார்புத் துடுப்புக்குக் கீழ நாலு இழை தொங்குற மீன். மும்பையில அதுக்கு ராவாஸ்னு பேரு. அதனால பேரை வச்சு முள் வாங்காதீங்க. அந்த முள்ளை எதுக்காக அப்படி வளைச்சிருக்காங்கன்னு பார்த்து வாங்குங்க.

ஆக்டோபஸ் முள்ளுல தண்டு குட்டை, வளைவு அகலம், நரம்பு கோக்கிற காது பின்பக்கமா சாஞ்சிருக்கும். அங்க ஹெர்ரிங் மீனைச் சாய்வா வெட்டி, ரெண்டு முள்ளை ஒரே நரம்புல முன்னும் பின்னுமா கட்டி, இரை சுழன்றபடி வர்ற மாதிரி இழுப்பாங்க. சைவாஷ் நீள நுனிக்காரன். காது திறந்தே வரும், வளையத்துல மாட்டி குறடால அமுக்கி மூடணும். ஸ்பூன்ல (தகட்டு லூர்) மூணு முள்ளைக் கழட்டிட்டு அதைப் போடுவாங்க. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா கடல்ல சால்மனுக்கு எதிர்முள் (நுனிக்குக் கீழ பின்பக்கமா நீட்டியிருக்கிற குட்டி முள்) இல்லாத முள்தான் போடணும்னு விதியே இருக்கு. எதிர்முள் இல்லாத குறையை அந்த நீள நுனி ஈடு கட்டும்.

இப்ப உங்க பிரச்சினைக்கு வர்றேன். காலாவுக்கு மூக்கு முன்னால நீட்டிக்கிட்டு, வாய் அடியில இருக்கும். வாயோரம் மெல்லிசு. நுனியில ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வு அதுதான். நீளத் தண்டு நெம்புகோல் மாதிரி. மீன் தலையை ஆட்ட ஆட்ட, தண்டோட எடை ஓட்டையைப் பெருசாக்கும். பிரெய்டு துளிகூட நீளாது, அதனால நீங்க சுண்டுற சுண்டு முழுசும் அந்தச் சவ்வுல போய் விழுது. முள் மாட்டுறதுக்கு முன்னாடியே கிழிசல் ஆரம்பிச்சிடுது.

உயிர் இறாலுக்கு சர்க்கிள் 2/0 இல்ல 3/0 போடுங்க, மெல்லிய கம்பி. நுனி தண்டைப் பார்த்து உள்பக்கமா மடங்கியிருக்கிறதால பெரும்பாலும் தொண்டையில ஏறாது. மீன் திரும்பி ஓடும்போது வழுக்கிக்கிட்டு வந்து கடைவாய்ல சுத்தி உட்காரும். காலா வாய்ல கெட்டியா இருக்கிற இடம் அந்தக் கடைவாய்தான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, சர்க்கிள் போட்டா சுண்டவே கூடாது. ராட் வளைஞ்சு நரம்பு ஓட ஆரம்பிக்கட்டும், அப்புறம் நிதானமா ரீலைச் சுத்துங்க. சுண்டினீங்கன்னா இறாலும் முள்ளும் வாயை விட்டு வெளிய வந்துடும். 20 பவுண்டு நரம்புக்கு டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடுற இறுக்கம்) 2 கிலோ போதும். மீன்தராசை நரம்புல கட்டி இழுத்துப் பார்த்து வைங்க. கையால இழுத்துப் பார்த்துட்டு 'சரியா இருக்கு'ன்னு விட்டா, பாதி நேரம் கூடுதலாத்தான் இருக்கும்.

ராடைக் கையிலயே வச்சிருக்கிறவங்களுக்கு ஆக்டோபஸ் 1/0 நல்ல முள். அதுலயும் பலமா சுண்ட வேண்டாம், ராடைத் தூக்கினாலே போதும்.

அலையாத்தி:

முகத்துவாரம் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். சரியான முள் வாங்கியும் மீன் விடுகிறது என்றால், இறால் குத்திய விதமும் முடிச்சும்தான் பெரும்பாலும் காரணம்.

உயிர் இறாலின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அதைக் குத்தினால் இறால் அங்கேயே செத்துவிடும். அதற்கு முன்னால், கொம்பின் அடியில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நுனியை விடுங்கள். ஓடு மட்டும் மாட்டினால் போதும். ஓட்டம் அதிகமான நேரத்தில் வாலுக்கு முந்தைய கணுவில் குத்தலாம். எறியும்போது கழன்று போகாது, ஆனால் இறால் நீந்துவது குறையும். எப்படிக் குத்தினாலும் நுனி முழுக்க வெளியே தெரிய வேண்டும். சர்க்கிள் முள்ளை இறாலின் உடம்புக்குள் வளைத்துச் செருகினால், நுனிக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரையாலேயே அடைபட்டுவிடும். கடைவாய் உள்ளே நுழைய இடமே இருக்காது.

முடிச்சுக்கு ஸ்னெல். லீடரை முள்ளின் காதில் நுனி இருக்கும் பக்கத்திலிருந்து விட்டு, தண்டோடு ஒட்டினாற்போல் 15 செ.மீ. இழுங்கள். அந்த வால் நரம்பைத் திருப்பி ஒரு வளையம் வைத்து, தண்டையும் நரம்பையும் சேர்த்து அந்த வளையத்துக்குள்ளாகவே 7 சுற்று சுற்றுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, வாலை இழுத்து இறுக்கி, பிறகு லீடரை இழுங்கள். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பாயில் கோரை படுத்திருப்பது போல வரிசையாக இருக்க வேண்டும். நுனிப் பக்கத்திலிருந்து நரம்பு விட்டதால், இழுபடும்போது முள் தானாகச் சாய்ந்து நுனியை வெளிப்பக்கம் தள்ளும். பின்பக்கமாக விட்டால் இது நேர் தலைகீழ்.

காது வளையம் முழுதாக மூடியிருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பாருங்கள். மலிவான முள்ளில் மயிரிழை இடைவெளி இருக்கும். நரம்பு அங்கே போய் உட்கார்ந்தால் அறுந்துவிடும்.

சீர்காழித் தூண்டில்:

நன்றி அண்ணே. சர்க்கிள் 3/0 ரெண்டு கம்பெனியோடது பார்த்தேன், ஒண்ணு சுண்டுவிரல் நகம் அளவு, இன்னொண்ணு அதைவிட ரொம்பப் பெருசு. எதை எடுக்கறது?

முகத்துவாரம்:

நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்ப வேண்டாம். 1, 2, 4-ன்னு ஏற ஏற முள் சின்னதாகும். 1/0, 2/0, 3/0-ன்னு ஏறினா பெருசாகும். இதுல குழம்பி 2-ஐ 2/0-ன்னு வாங்கிட்டு வர்றவங்க நிறைய. கடைக்குப் போகும்போது இரையை மனசுல வச்சுக்குங்க. இரை எவ்வளவு தடிமனோ, முள் இடைவெளி அதுல ஒண்ணரை மடங்காவது இருக்கணும். 8 செ.மீ. இறாலுக்கு சின்ன 3/0 சரி. அப்புறம், நுனியை மேல இருந்து பாருங்க. தண்டோட ஒரே கோட்டுல இருந்தா எடுங்க. பக்கவாட்டுல திருகியிருந்தா சர்க்கிளா இருந்தாலும் தொண்டையில மாட்டும்.

கூர்மை பார்க்க நுனியைக் கட்டைவிரல் நகத்து மேல லேசா வச்சு இழுங்க. வழுக்கினா மழுங்கல், கடிச்சு நின்னா சரி. கல்லுல ஒரு தடவை உரசினாலே நுனி மடங்கிடும். தரங்கம்பாடி கடற்கரையிலயும், கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுக் கல்லு போட்ட எந்த இடத்துலயும், ஒவ்வொரு தடவை சிக்கி எடுத்ததும் நகத்துல பாருங்க.

கொடுவா வேட்டை:

கொடுவா பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஒரே முள் போதாது. கொடுவா வாய் திறந்தால் தண்ணீரோடு இரையை உறிஞ்சிவிடும். தாடை கெட்டி எலும்பு. மெல்லிய கம்பி 2/0 அங்கே ஏறாது, ஏறினாலும் நிமிர்ந்துவிடும். 12 முதல் 15 செ.மீ. உயிர் மடவைக்கு, தடித்த கம்பியில் 5/0 சர்க்கிள். மடவையை மேலுதட்டில் மட்டும் குத்துங்கள். லீடர் 50 பவுண்டுக்குக் குறைய வேண்டாம், நீளம் 70 செ.மீ. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு பிளேடு மாதிரி. தாவித் தலையை உதறும்போது நரம்பில் பட்டால் அதோடு சரி. காலாவின் பல் அப்படி அறுக்காது, உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதனால் காலா ஒன்று ஏறியதும் முள்ளுக்கு மேல் ஒரு சாண் லீடரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

லூரில் மூன்று முள்ளை மாற்றுவது நல்லது, காரணம் இரண்டு. கொடுவா கடித்து நசுக்கினால் மூன்று முள்ளில் ஒன்று இன்னொன்றை நெம்பித் திறக்கும். அடுத்தது, மேலே தண்ணீர் திறந்துவிட்டால் கொள்ளிடத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வரும். மூன்று முள் ஒவ்வொரு எறிக்கும் ஒரு கொத்தோடுதான் வரும். 10 செ.மீ. லூருக்கு, காது லூருக்கு ஏற்ற திசையில் இருக்கும் ஒற்றை முள் 1/0 போடுங்கள். முன் முள்ளின் நுனி லூர் தலையைப் பார்த்தபடி, பின் முள்ளின் நுனி மேலே பார்த்தபடி. கழட்டிய மூன்று முள்ளையும் புதியதையும் நகைத்தராசில் நிறுத்துப் பார்த்து, எடை ஒத்துவரும் முள்ளை எடுங்கள். எடை குறைந்தால் லூர் மிதக்கும் உயரமும் ஆட்டமும் மாறிவிடும். நீங்கள் கேட்ட சைவாஷ் ஸ்பூனுக்குத்தான். குட்டி மீன் போன்ற லூருக்கு அதன் காது திசை ஒத்துவராது, முள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரிய மீன் பெரும்பாலும் முட்டைக்காரி. விட நினைத்தால் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், நரம்பை மட்டும் தளரவிடாதீர்கள். முள் தொண்டையில் போய்விட்டால் நோண்டாமல் வாயோரம் நரம்பை வெட்டிவிடுங்கள். இதற்காகத்தான் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்கிறேன். சாதாரண எஃகு என்றால் நாளடைவில் துருத்து உதிரும்.

அலையாத்தி:

துரு என்றதும் ஒன்று. உபயோகித்த முள்ளை ஈரத்தோடு புது முள் இருக்கும் டப்பாவில் போடாதீர்கள். ஒரு முள்ளின் உப்பு டப்பா முழுக்கப் பரவும். தனி டப்பாவில் கொண்டு வந்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியில் உலர்த்தி வையுங்கள். காதுக்குள் துரு ஏறியிருந்தால், நுனி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஸ்னெல் சுற்றுக்குள் அந்தத் துரு நரம்பை அரம் போல அறுக்கும். வெளியே தெரியவே தெரியாது.

முத்துப்பேட்டை பக்கம் வருவதாக இருந்தால், அலையாத்திக் காடு வனத்துறை எல்லை, அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே வேரில் சிக்கும் என்பதால் எடைக்குக் கட்டும் ஈயத்துக்கு மட்டும் 10 பவுண்டு மெல்லிய நரம்பு தனியாகக் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் போகும், முள்ளும் மீனும் கையில் இருக்கும்.

சீர்காழித் தூண்டில்:

அமாவாசை ஏத்தத்துக்கு 3/0 சர்க்கிள், மெல்லிய கம்பி, ஸ்னெல் முடிச்சோட இறங்குறேன். கொடுவாவுக்குத் தனி ராட்ல 5/0. ஓட்டம் அதிகமா இருந்தா 30 கிராம் ஈயம் நிக்குமா அண்ணே?

முகத்துவாரம்:

வத்தத்துல (கடல் நீர் இறங்குற நேரம்) கொள்ளிடம் இழுக்கிற இழுப்புக்கு 30 உருளும். உருண்டை ஈயம் வேண்டாம், பட்டை ஈயம் 50 கிராம் எடுத்துக்குங்க. நரம்பு அதுக்குள்ள தடையில்லாம ஓடணும், கீழ ஒரு பாசிமணி, அப்புறம் ஸ்விவல் (சுழலும் வளையம்). ஈயம் இறுகி நின்னா மீன் எடையை உணர்ந்து இரையைத் துப்பிடும், சர்க்கிள் திரும்புறதுக்கே நேரம் கிடைக்காது.