மேற்குச் சன்னலில் இருப்பது அந்தோணியாரா, சூசையப்பரா? (வண்ணக் கண்ணாடி வயிறு தள்ளி நிற்கிறது)

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோவில். மேற்குச் சன்னல், ஒன்றரை மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம். நடுவில் 3 செ.மீ. வெளியே தள்ளியிருக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது. சிலிகோன் அடித்து, வெளியே பாலிகார்பனேட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் கொன்ட்ராக்டர். சரிவருமா? இன்னொன்று, புனிதரின் முகம் அழிந்துவிட்டது. கையில் குழந்தை, லீலி மலர். அந்தோணியார் என்று பாதிப் பேர், சூசையப்பர் என்று மீதிப் பேர். வரைபவரிடம் யாரென்று சொல்வது?

ஈயப்பட்டை:
சிலிகோன் வேண்டவே வேண்டாம் தம்பி. பிறகு உரிக்கும்போது தீட்டிய கோடுகளும் கூடவே வந்துவிடும்.

கோளாறு கண்ணாடியில் இல்லை, துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் ஈயப்பட்டையில். வெயிலில் ஈயம் கண்ணாடியைப்போல் மூன்று மடங்கு விரியும். ஆறிய பின் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. மேற்குச் சுவரில் இது தினப்படி வேலை. உள்பக்கக் குறுக்குக் கம்பிகளைப் பாருங்கள். ஈயத்தை அவற்றோடு கட்டிய செம்புக் கம்பிகள் அறுந்திருக்கும், இல்லையென்றால் குறுக்குக் கம்பியே போதவில்லை. இந்த உயரத்துக்கு மூன்று கம்பி வேண்டும்.

3 செ.மீ. என்றால் இறக்கித்தான் ஆகவேண்டும். முதலில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி படம் எடுங்கள். மேலே தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஈயக்கோடுகளைப் பதிந்து, துண்டுகளுக்கு எண் போடுங்கள். தீட்டிய பக்கத்தில் டேப் ஒட்டாதீர்கள். தூக்கும்போது செங்குத்தாகவே பிடிக்கவேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் மடங்கும். வயிற்றை அழுத்தி நிமிர்த்தினால் கண்ணாடி உடையும். பழைய ஈயத்தை வெட்டி எடுத்து, புதுப்பட்டையில் கோத்து, ஒவ்வொரு சந்தியையும் இருபுறமும் பற்றவைக்க வேண்டும். பிறகு வைட்டிங் என்ற சுண்ணக்கட்டிப் பொடியும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் குழைத்த புட்டிப் பசையை பிரஷால் பட்டைக்கு அடியில் திணித்து, ஒரு வாரம் படுக்கவைத்து இறுகவிடுங்கள். ஒழுகல் நிற்பது இந்தப் புட்டியால்தான். ஈயத்தூள் விஷம்: கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

லீலிமலர்:
முகத்தை விடுங்கள், அங்கியைப் பாருங்கள். முகம் மேலே தீட்டி, சுமார் 650 பாகை செல்சியஸில் சுட்டது. சூளையில் சூடு குறைந்திருந்தாலோ பின்னால் யாராவது அழுத்தித் தேய்த்தாலோ போய்விடும். அங்கியின் நிறம் பெரும்பாலும் கண்ணாடியை உருக்கும்போதே கலந்தது, அழியாது. பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு, புத்தகம் இருந்தால் அந்தோணியார். தச்சரின் மூலைமட்டம், அல்லது லீலி பூத்த கோல் இருந்தால் சூசையப்பர். பழுப்பு மட்டும் போதாது, அவருக்கும் அந்த நிறத்தில் மேலாடை போடுவார்கள். தாடிக்கோடு மிச்சமிருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். அந்தோணியாருக்குத் தாடி வைப்பது அபூர்வம்.

தோட்டத்துப்பிள்ளை:
கயிறு இருக்கிறது, இரண்டு முடிச்சு தெரிகிறது, மூன்றாவது ஈயத்துக்கு அடியில் போலும். அப்போ அந்தோணியார்தான். முகத்தை எனாமல் பெயிண்டில் வரையலாமா?

ஈயப்பட்டை:
அந்த வெயிலில் உரிந்துவிடும். பழைய துண்டின் மேல் தொடவே வேண்டாம். மெல்லிய தெளிந்த கண்ணாடியில் முகத்தைத் தீட்டிச் சுட்டு, பழையதன் பின்னால் வைத்து இரண்டையும் ஒரே பட்டையில் கோக்கலாம். நாளைக்கு வேறு யாராவது வந்தால் கழற்றிக்கொள்ளலாம்.

பாலிகார்பனேட்டை அடைத்துப் போட்டால் உள்ளே சூடு தங்கும், நீர் கோத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் 25 மி.மீ. இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுவழி வைத்து, அதில் கொசுவலை அடியுங்கள்.