ஐந்து வயது மகளுக்குக் கமக்கட்டு நாற்றம், அனுபவம் உள்ள அம்மாமார் சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார். நாங்கள் பரந்தன் பக்கம். இரண்டு மாதமாக என் மகளின் கமக்கட்டில் பெரிய ஆட்களுக்கு வருவது போல வியர்வை நாற்றம். காலையில் கிணற்றடியில் நன்றாகத் தேய்த்து வார்த்து முன்பள்ளிக்கு அனுப்புகிறேன். மத்தியானம் தூக்கும்போதே மணக்கிறது. வெயிலும் புழுதியும்தான் என்று நினைத்தேன். ஆனால் அதே முற்றத்தில் உருளுகிற மூத்தவனுக்கு இப்படி இல்லை. சோப்பை மாற்றினேன், வேப்பிலை அவித்த தண்ணீர் வார்த்தேன், இரண்டு கிழமை மீனையும் நிறுத்திப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் இப்படி வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி முந்தி வேலை செய்யத் தொடங்கினாலும் வரும் என்று கிளினிக் மிஸ் சொன்னார். முடி, பரு ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை பிள்ளை வைத்தியரிடம் போகிறோம்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி வந்ததா? எலும்பு வளர்ச்சி பார்க்கக் கை எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எடுத்தார்களா? வைத்தியரிடம் மறக்காமல் எதைக் கேட்க வேண்டும்? முன்பள்ளியில் ஒரு பிள்ளை இவளுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றதாம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ.