கொரோனா வார்டும் லாட்ஜ் அறையும்: செவிலியர் நாள் வாழ்த்தையொட்டி எழுந்த விவாதம்

இடைக்கோட்டுச் செவிலி:

மே 12 அன்று செவிலியர் நாள் வாழ்த்து என்ற பெயரில் விளவங்கோட்டான் அண்ணாச்சி இங்கே எழுதியிருந்ததன் கடைசி வரி இது: "கொரோனாக் காலத்து மன அழுத்தத்தைப் பற்றி இன்றுவரை பேசுகிற செவிலியர்கள், ஏழு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழு நாள் அரசுச் செலவில் லாட்ஜில் படுத்திருந்ததை மட்டும் சொல்வதில்லை." வாழ்த்துக்கு நன்றி. லாட்ஜைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

நான் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தச் செவிலியாக வேலை பார்த்தேன். கவச உடையைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனால் வெளியே வரும்வரை தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. மாதவிடாய் நாட்களில் அது எப்படியிருக்கும் என்பதை உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்க, இரண்டு கையுறைகளுக்கு மேலாகத் தடவித் தடவி நரம்பைத் தேடி ஊசி குத்த வேண்டும். மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறவரின் மகளுக்கு வீடியோ அழைப்பில் அவர் முகத்தைக் காட்டுவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எங்கள் வேலையாயிற்று. அதை எந்த நர்சிங் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. ட்யூட்டி முடிந்ததும் லாட்ஜ் அறையில் அடைத்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கதவுக்கு வெளியே இருக்கும். ஸ்வாப் பரிசோதனை முடிவு வரும்வரை தொண்டை சற்றுக் கரகரத்தாலும் உயிர் போய்விட்டு வரும். என் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், நடந்தே போய்விடுகிற தூரம்தான். ஆனால் எல்லையிலுள்ள களியக்காவிளையில் வழியை அடைத்திருந்தார்கள், போக ஒரு அனுமதி, வர ஒரு அனுமதி. இதைத்தான் அண்ணாச்சி படுத்திருந்தோம் என்கிறார்.

விளவங்கோட்டான்:

தங்கை நீளமாக எழுதியிருக்கிறார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: லாட்ஜில் தங்கினீர்களா, இல்லையா? தங்கினோம் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

2020 மார்ச் 22 அன்று மாலை நாங்களெல்லோரும் வாசலில் நின்று கை தட்டினோம். ஏப்ரல் 5 இரவு விளக்கு ஏற்றினோம். மே 3 அன்று ஹெலிகாப்டரில் வந்து மருத்துவமனைகள் மீது பூத் தூவினார்கள். மருத்துவப் பணியாளருக்கு ஐம்பது லட்ச ரூபாய் காப்பீடும் அறிவித்தார்கள். களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே வேன் ஓட்டிய எனக்கு யார் பூத் தூவினார்கள்? வண்டி மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது, தவணை மட்டும் நிற்கவில்லை. 2021 மே மாதத்தில் என் அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டு எண்ணுக்கு எத்தனை முறை அழைத்தாலும் எவரும் எடுக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொல்லித்தான் நான் அறிந்தேன். போனை எடுக்க நேரமில்லாதவர்களுக்கு லாட்ஜில் ஏழு நாள் நேரம் இருந்திருக்கிறது.

மனநலம் படிப்பவள்:

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம், சார். ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, 'பர்ன் அவுட்' என்பதை நோயாகக் கணக்கிடவில்லை; சரிவரக் கையாளப்படாத நீடித்த பணிச்சூழல் அழுத்தத்தின் விளைவாகவே கணக்கிடுகிறது. ஆற்றல் முழுவதும் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்போ விலகலோ உண்டாதல், செய்கிற வேலையில் பயனில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். மனச்சோர்வும் பதற்றமும் தூக்கமின்மையும் தனித்தனியே அளக்கப்படுபவை. 2020 தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில், 50.4 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 44.6 விழுக்காட்டினரிடம் பதற்றமும் 34 விழுக்காட்டினரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. செவிலியரும் பெண்களும் நோயாளிகளுடன் நேரடியாக வேலை பார்த்தவர்களுமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆகவே ஓய்வு நாட்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை அளந்துவிட முடியாது.

விளவங்கோட்டான்:

சீனாவின் கணக்கைக் களியக்காவிளையில் கொண்டுவந்து விரிக்க வேண்டாம். அந்த 1,257 பேரும் லாட்ஜில் தங்கினார்களா என்பதை ஆய்வு சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் அது எனக்குப் பதிலாகாது.

மார்த்தாண்டம் தேன்:

எனக்கும் ஓர் ஐயம். அந்த லாட்ஜ் அறையில் ஏ.சி. இருந்ததா? வெந்நீர் வந்ததா? அண்ணாச்சி இவ்வளவு உறுதியாகப் பேசுவதைப் பார்த்தால், வரவேற்பு மேசையில் அமர்ந்து பதிவேடு எழுதியவரே அவர்தான் என்று தோன்றுகிறது.

விளவங்கோட்டான்:

ரப்பர் விலை விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் பாதியில் எழுந்து போனவர் இப்போது தேனோடு வந்திருக்கிறார். அந்தக் கணக்கை முடித்துவிட்டு இங்கே வரலாம்.

பாறசாலைக்காரன்:

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேரளச் செவிலியரைக் குறை சொல்வது எளிது. 2018 மே மாதம் நிபா வைரஸ் நோய் வந்தபோது பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலி லினி, அதே நோயில் இறந்தார். கணவருக்கு அவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தை இந்த நாடே படித்தது. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் கண்டறியப்பட்டபோது, மற்ற மாநிலங்கள் வைரஸின் பெயரையே கற்றுக்கொண்டிருந்தன. 'ஒற்றைக்கல்ல ஒப்பமுண்டு' (தனியாக இல்லை, உடன் இருக்கிறோம்) என்று திட்டம் வைத்து, மாவட்ட மனநலக் குழுக்கள் வழியாக மக்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் போனில் அழைத்துப் பேசியது எங்கள் கேரள அரசு. 1056 என்ற 'திசா' உதவி எண்ணை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே மனப்பாடமாகச் சொல்வார்கள்.

குழித்துறை வழக்கறிஞர்:

பாறசாலை நண்பர் தம் அரசின் பெருமையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். 2020 அக்டோபரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் நோயாளி ஒருவரின் படுக்கைப் புண்ணில் புழு வைத்துவிட்டது என்று ஒரு மருத்துவரையும் இரண்டு தலைமைச் செவிலியரையும் பணியிடை நீக்கம் செய்ததும், வார்டில் ஆள் பற்றாக்குறை என்று ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கிய பிறகே அதை விலக்கிக்கொண்டதும் இதே அரசுதான். அதே மாதம் கோவிட் பணிக்குப் பிந்தைய விடுப்பை ரத்து செய்து அரசு மருத்துவர்களைப் போராட வைத்ததும் இதே அரசுதான். திருவனந்தபுரத்துக் கடலோரப் பூந்துறையில் 2020 ஜூலையில் சுகாதாரக் குழுவின் காரைச் சூழ்ந்துகொண்டு முகத்துக்கு நேரே இருமினார்கள் என்று செய்தி வந்தது. அன்று அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் 1056ஐ அழைத்தார்களா என்பதை நண்பர் விசாரித்துச் சொல்லட்டும்.

பாறசாலைக்காரன்:

அதே பூந்துறை மக்கள் சில நாட்களில் சுகாதாரக் குழுவைப் பூக்கொடுத்து வரவேற்றதை வக்கீல் சார் மறந்துவிட்டார். சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைத் தாக்கியவர்கள் எந்த மாநிலத்தார் என்பதையும் மறந்துவிட்டார். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான், மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழு ஆண்டுவரை சிறை என்று 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இடைக்கோட்டுச் செவிலி:

இரண்டு அண்ணன்மாரும் மாநிலக் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு பக்கமும் அறிந்தவள். என்னோடு படித்த பெண்கள் தமிழ்நாட்டில் கோவிட் காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். 2022 டிசம்பர் 31 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலையை நீட்டிக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு எவரும் தட்டு தட்டவில்லை.

அண்ணாச்சிக்கு மறுபடியும் சொல்கிறேன். 2020 மே 15 அன்று வந்த மத்திய அரசின் அறிவுரையிலேயே, ஆபத்தான தொடர்பு ஏற்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பணிக்குப் பின் தனிமைப்படுத்தல் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். நீங்கள் காலமெல்லாம் நீண்டதாகச் சொல்கிற லாட்ஜ் வாசம் தொடக்க மாதங்களோடு சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு வார்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் குளித்துவிட்டு, மாமியார் இருக்கிற அறைப் பக்கம் போகாமல், பிள்ளையைத் தூக்காமல் இருந்தோம். நோயை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்ற பயம் லாட்ஜில் இருந்ததைவிட வீட்டில்தான் அதிகமாக இருந்தது.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஐம்பது லட்சத்தை வாங்குவதற்கு முதலில் இறக்க வேண்டும், அண்ணாச்சி.

விளவங்கோட்டான்:

"சுருங்கிப்போயிற்று" என்றால் சுருங்குவதற்கு முன்பு இருந்தது என்று பொருள். நானும் அதைத்தான் சொன்னேன்.

குழித்துறை வழக்கறிஞர்:

விளவங்கோட்டாரின் பிடிவாதத்துக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. தனிமைப்படுத்திய நாட்களை விடுப்பாகக் கணக்கிட்டுச் சில இடங்களில் சம்பளத்தைப் பிடித்தார்கள். அந்த வழக்கில், அந்த நாட்களைப் பணிக்காலமாகவே கொள்ள வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2020 ஜூலை இறுதியில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. சம்பளம் உரிய காலத்தில் வழங்கப்படுவதை உறுதி செய்யும்படி மத்திய அரசிடம் சொல்லிற்று. ஓய்வெடுத்தவர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்களைப் பணியில் இருந்தவர்களாகவே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

விளவங்கோட்டான்:

அப்படியானால் லாட்ஜ் மட்டுமல்ல, சம்பளத்தோடு லாட்ஜ். வக்கீல் சார் என் பக்கத்து வழக்கை நன்றாக நடத்துகிறார். கட்டணம் எவ்வளவு என்று சொல்லட்டும்.

மனநலம் படிப்பவள்:

நாம் விடுதியிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டுக்கு வடக்கே ஆந்திரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையின் மயக்க மருந்து மருத்துவர் சுதாகர், முகக்கவசம் போதவில்லை என்று 2020 ஏப்ரலில் வெளிப்படையாகப் பேசியபின் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதம் விசாகப்பட்டினத்துச் சாலையில் போலீசார் அவர் கைகளைக் கட்டி இழுத்துச் சென்றனர். பிறகு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் அவர் காலமானார். குறையைச் சொன்னால் மனநிலை சரியில்லாதவர் என்ற முத்திரை விழும் என்று பயப்படுகிற இடத்தில், எந்தப் பணியாளர் உதவி எண்ணை அழைத்து "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று பெயரோடு சொல்வார்? எண்கள் இருந்தும் பலர் அழைக்காததை இதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

விளவங்கோட்டான்:

முதலில் சீனா, இப்போது விசாகப்பட்டினம். இந்தப் பெண்ணுக்குக் குமரி மாவட்டத்துக்கு வழி தெரியவில்லை.

ஆசாரிப்பள்ளம் மேஸ்திரி:

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் அல்லன். அவுட்சோர்சிங் நிறுவனம் ஒன்றின் கீழ் மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர்களை மேற்பார்த்தவன். செவிலியருக்கும் டாக்டருக்கும் அறை கிடைத்ததா என்று ஊரே பேசுகிறது. கொரோனா வார்டின் கழிப்பறையைக் கழுவியவர்களுக்கும், உடலைப் பையில் போட்டுக் கட்டியவர்களுக்கும் எங்கள் நிறுவனத்தில் அறையும் இல்லை, தனிமையும் இல்லை. பேருந்து இல்லாத நாட்களில் சைக்கிளில் வந்தார்கள். வாடகை வீட்டுக்காரர் உள்ளே விடமாட்டேன் என்றபோது மருத்துவமனைச் சைக்கிள் நிறுத்தத்தில் படுத்தார்கள். அவர்களில் ஒருவர் இன்றும் பையின் ஜிப் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

விளவங்கோட்டான்:

மேஸ்திரி அண்ணன் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். துடைத்தவருக்கு இல்லாத லாட்ஜ் செவிலியருக்கு இருந்திருக்கிறது. தங்கை இதற்குப் பதில் சொல்லட்டும்.

இடைக்கோட்டுச் செவிலி:

அவர்களுக்குக் கொடுக்காதது அநியாயம் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்ததுதான் அநியாயம் என்கிறீர்கள். உங்கள் அப்பா இருந்த வார்டில் போனை எடுக்காதவர் அந்த இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒருத்தியாக நின்றார் என்பதை ஒரு நாளாவது கேட்டீர்களா?

விளவங்கோட்டான்:

என் அப்பாவை இழுக்க வேண்டாம். அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, உங்களுக்கு இல்லை. நீங்கள் லாட்ஜைப் பற்றிப் பேசுங்கள்.

ஆசாரிப்பள்ளம் மேஸ்திரி:

நான் சொன்னது இதற்காக அல்ல, அண்ணாச்சி.

மார்த்தாண்டம் தேன்:

மேஸ்திரி அண்ணன் வருந்த வேண்டாம். இங்கே எதைச் சொன்னாலும் அது லாட்ஜின் வாசலில்தான் போய் நிற்கும்.

பாறசாலைக்காரன்:

எங்கள் பக்கத்துச் செவிலியர் ஒரு மாதச் சம்பளத்தையே விட்டுக்கொடுத்து வேலை பார்த்தவர்கள். 2020இல் மாதம் ஆறு நாள் வீதம் ஐந்து மாதம் அவர்களுடைய சம்பளத்தை அரசு ஒத்திவைத்தபோதும் வார்டைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. லாட்ஜ் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

குழித்துறை வழக்கறிஞர்:

விட்டுக்கொடுத்தார்களா, பிடித்தார்களா? அந்தச் சம்பளப் பிடித்தத்துக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் அதைத் தாண்டுவதற்கென்றே அவசரச் சட்டம் பிறப்பித்த அரசைப் பற்றி, செவிலியர் தாமாகக் கொடுத்ததைப் போலப் பேசுகிறீர்களே.

பாறசாலைக்காரன்:

ஒத்திவைத்ததற்கும் வெட்டியதற்கும் வேறுபாடு தெரியாத வழக்கறிஞரோடு நான் வாதாடுவதாக இல்லை.

குழித்துறை வழக்கறிஞர்:

வேறுபாடு இல்லையென்று நான் எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள்.

பாறசாலைக்காரன்:

மேலே போய் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.