கோலாலம்பூரில் கன்ட்ரி கச்சேரி: சனி காலை போய் ஞாயிறு விடியலில் திரும்ப முடியுமா?

ஈசூன் ரசிகை கேட்டது:

வணக்கம். எனக்குப் பிடித்த அமெரிக்க கன்ட்ரி பாடகர் இந்த முறை சிங்கப்பூரை விட்டுவிட்டு கோலாலம்பூரில் மட்டும் பாடுகிறார். சனிக்கிழமை இரவு 8 மணி, புக்கிட் ஜாலில் உள்ளரங்கம். ஹோட்டல் எடுக்க மனமில்லை. காலையில் ஈசூனிலிருந்து கிளம்பி, கச்சேரி முடிந்ததும் அப்படியே பேருந்து ஏறிவிடலாம் என்று யோசனை. கூட வரும் தோழி எஸ் பாஸில் (சிங்கப்பூர் வேலை அனுமதி வகைகளில் ஒன்று) இருக்கிறார், இந்தியக் கடப்பிதழ். நான் சிங்கப்பூர்க் குடிமகள். எந்த வழி நல்லது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்க இருக்கை எடுப்பது? பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரைப் பார்க்க வேண்டும் என்பது என் தனி ஆசை. கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா?

கிராஞ்சிக்காரர் பதில்:

முடியும். திரும்பி வரும் பேருந்தை முதலில் உறுதி செய்துவிட்டு, அதன் பிறகு கச்சேரி டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். கச்சேரி முடியும் நேரத்துக்கு விமானமும் இருக்காது, ரயிலும் இருக்காது. உங்களுக்கு இருப்பது கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையமான டிபிஎஸிலிருந்து கிளம்பும் இரவுப் பேருந்து ஒன்றுதான். சனிக்கிழமை இரவு அதுவும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் 8 மணி பெரும்பாலும் முன்னால் பாடுகிறவர் மேடையேறும் நேரம். உங்கள் ஆள் வர ஒன்பது ஆகலாம். ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணி நேரம் பாடி, கூட்டம் கேட்டு இன்னும் இரண்டு பாட்டு என்றால் 11 மணியை நெருங்கிவிடும். அதனால் பதினொன்றரைப் பேருந்தை எடுக்காதீர்கள். நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ கிளம்பும் வண்டி வேண்டும். அப்படி ஒன்று அந்தத் தேதியில் இல்லையென்றால் ஹோட்டல் எடுப்பதே மேல். கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து ஓடுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இடம் உங்களுக்குச் சாதகமானது. புக்கிட் ஜாலில் எல்ஆர்டி நிலையம் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் இருக்கிறது. அங்கிருந்து நகரப் பக்கம் போகும் ரயிலில் சுங்கை பெசி, அடுத்தது பண்டார் தாசிக் செலாத்தான். இரண்டே நிறுத்தம். டிபிஎஸ் அந்த நிலையத்தோடு நடைபாலத்தால் இணைந்தது. நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் வரைக்கும் போய்த் திரும்பத் தேவையே இல்லை. புதிதாகப் போகிறவர்கள் பலர் வீணாக ஒரு மணி நேரம் விடுவது இங்கேதான்.

கச்சேரி விட்டதும் ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரே நிலையத்துக்குத்தான் வருவார்கள். டோக்கன் இயந்திரத்தின் முன்னால் வரிசை நீளும். டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருந்தால் நேராக வாயிலுக்குப் போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை, ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது. அன்றைய கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று வரும்போதே நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் கிராப் வாடகைக் கார். சிங்கப்பூரில் வைத்திருக்கும் அதே கணக்கு அங்கேயும் வேலை செய்யும். அரங்க வாசலில் நின்று கூப்பிட்டால் விலையும் ஏறும், ஓட்டுநரும் நெரிசலில் மாட்டிக்கொள்வார். பெவிலியன் புக்கிட் ஜாலில் பேரங்காடிப் பக்கம் நடந்து போய் அங்கிருந்து அழைப்பது நல்லது.

இனி போகும் வழி. சனிக்கிழமை காலைதான் கடற்பாலத்தில் வாரத்தின் மோசமான நேரங்களில் ஒன்று. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இரண்டு பக்கத்து விடுமுறைக் கூட்டமும் ஒரே நாளில் சேர்கிறது. ஏழு மணிக்கு மேல் நேரடிப் பேருந்தில் ஏறினால் ஐந்தரை மணி நேரப் பயணம் எட்டு மணி நேரம் ஆகலாம். சோதனைச்சாவடியில் வண்டி வரிசையில் நிற்கும்போது நீங்களும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் சொல்வது பயணத்தை இரண்டாகப் பிரிப்பது. ஈசூனிலிருந்து முதல் எம்ஆர்டியில் கிராஞ்சி வந்து, எல்லை தாண்டும் 170 அல்லது சிடபிள்யூ1 பேருந்தைப் பிடியுங்கள். இரண்டும் ஜொகூர் பாருவில் உள்ள லார்கின் பேருந்து முனையம் வரை போகும். 160, 950 இரண்டும் ஜொகூர் பாரு நகரத்தோடு முடிந்துவிடும், 170எக்ஸும் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிடும். உங்களுக்கு அவை உதவாது. வுட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இறங்கும்போது அட்டையைத் தட்டிவிட்டு இறங்குங்கள். குடிநுழைவு முடிந்து அதே எண் கொண்ட எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறலாம். சிடபிள்யூ1 வேறு நிறுவனம் என்பதால் அதில் ஏறியவர் மறுபடியும் அதன் வண்டிக்குத்தான் நிற்க வேண்டும். லார்கினிலிருந்து டிபிஎஸுக்கு வண்டிகள் அடிக்கடி உண்டு. நாலு, நாலரை மணி நேரம். நேரடி டிக்கெட்டைவிடச் செலவும் குறைவு. லார்கினில் மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு முன்பதிவு வேண்டாம். எல்லையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லை தாண்டியதும் கைப்பேசியிலேயே அடுத்த வண்டியை வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. களைத்துப்போய் நடுவில் இறங்கி மாறுவது கஷ்டம், அதனால் டிபிஎஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரே வண்டி. டிக்கெட்டைப் போக வர என்று சேர்த்து வாங்காமல், திரும்பும் பயணத்தைத் தனியாக ரிங்கிட்டில் வாங்குங்கள். அங்கிருந்து கிளம்பும் வண்டிக்கு விலை ரிங்கிட்டில், இங்கிருந்து கிளம்புவதற்குச் சிங்கப்பூர் வெள்ளியில். இரண்டு விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அட்டையில் கட்டும்போது ‘சிங்கப்பூர் வெள்ளியிலா, ரிங்கிட்டிலா’ என்று கேட்டால் ரிங்கிட் என்று சொல்லுங்கள். வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கொஞ்சம் போய்விடும்.

மேடைப்பக்கம் பதில்:

வழியை அவர் சொல்லிவிட்டார். நான் அரங்கத்துக்கு உள்ளே வருகிறேன்.

முதலில் இடத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புக்கிட் ஜாலிலில் பெரிய தேசிய விளையாட்டரங்கம் வேறு, உள்ளரங்கம் வேறு. இரண்டும் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டவை, ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உள்ளரங்கம் முதலில் புத்ரா அரங்கம், பிற்பாடு அக்ஸியாத்தா அரீனா. விளம்பர ஒப்பந்தம் மாறினால் பெயரும் மாறும் என்பதால் டிக்கெட்டில் இருக்கும் பெயரை வரைபடத்தில் தேடி எந்தக் கட்டடம் என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

பெடல் ஸ்டீல் பார்க்க வேண்டுமென்றால், மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் ராக் ஸோன் எடுக்காதீர்கள். அந்தக் கருவி இடுப்பு உயரத்தில் படுக்கையாக இருக்கும், வாசிப்பவர் உட்கார்ந்துதான் வாசிப்பார். கீழே நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தோள்தான் தெரியும். மேலிருந்து சரிவாகப் பார்க்கும் இருக்கையில்தான் இடது கையில் உருளும் உலோகத் தண்டு, வலது கை விரல்களில் மாட்டிய பிக்குகள், கீழே பாதம் மிதிக்கும் பெடல், முழங்காலால் தள்ளும் நெம்புகோல் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் படும். நாஷ்வில் பாணியில் பத்துக் கம்பி, ஈ9 சுருதி. கம்பி அழுவதுபோல ஏறி இறங்குகிறதே, அதில் பாதி வேலை காலுடையது. காலைப் பார்க்காவிட்டால் பாதி வித்தையைத் தவறவிட்டதாகத்தான் அர்த்தம்.

எந்தப் பக்கம் என்பதற்கு அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஊர்களில் ரசிகர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். ஒரு சுற்றுப்பயணம் முழுவதும் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். மேடைக் குறிப்புகளில் ‘மேடை இடது’ என்று எழுதியிருந்தால் அது பாடகர் நம்மைப் பார்த்து நிற்கும்போது அவருடைய இடது, நமக்கு வலது. இதில் தவறி எதிர்ப்பக்கம் வாங்குகிறவர்கள் அதிகம். இன்னொன்று, ஆசியப் பயணத்துக்குச் சிலர் குழுவைச் சுருக்கிக்கொண்டு வருவார்கள். ஃபிடிலும் பெடல் ஸ்டீலும்தான் முதலில் கழற்றிவிடப்படும், அந்தப் பகுதியை கிட்டார்காரரோ கீபோர்டோ சமாளித்துவிடுவார்கள். ஆகவே ஆசியாவில் இதற்கு முந்தைய நிகழ்ச்சியின் படம் கிடைத்தால் அமெரிக்கப் படத்தைவிட அதையே நம்புங்கள்.

ஒலிக்கு நல்ல இடம் தரையில் ஒலிக்கலவை மேசை இருக்குமே, அதன் நேர்ப் பின்னால் இருக்கும் சரிவு. ஒலியமைப்பாளர் அங்கே உட்கார்ந்துதான் சமன் செய்கிறார். மேடையை ஒட்டிய பக்கவாட்டு இருக்கைகள் விலை குறைவு என்று எடுத்தால், ஒலிபெருக்கியின் பக்கவாட்டுச் சத்தம்தான் காதில் விழும். பாட்டின் வரிகள் தெளியாது. கன்ட்ரியில் கதையே வரிகளில்தான் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் இரண்டு ஆசைக்கும் பொருந்துவது ஸ்டீல்காரர் இருக்கும் பக்கம், மேடையிலிருந்து அரங்கத்தின் நீளத்தில் பாதி தள்ளி, கீழ்ச் சரிவின் நடு வரிசைகள்.

தொப்பியை வாசலில் தடுப்பது அபூர்வம். உள்ளே பின்வரிசைக்காரர் தடுப்பார். அகல விளிம்புத் தொப்பி உட்கார்ந்திருப்பவரின் பார்வையை முழுசாக மறைத்துவிடும். முன்னால் பாடுகிறவர் முடித்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் தொப்பி பேருந்தில் நசுங்கும். குப்புற வைத்தால் விளிம்பு வளைந்துவிடும், உச்சி கீழே இருக்கும்படி மல்லாக்க வைக்க வேண்டும். பெரிய பெல்ட் பக்கிள் உலோகச் சோதனையில் சத்தம் போடும், கழற்ற வசதியாக இருக்கட்டும். பூட்ஸ் உங்கள் இஷ்டம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்த கால் வீங்கியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, பேருந்துக்கு ஒரு செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பை சிறியதாக இருக்கட்டும். பல அரங்குகளில் ஏ4 தாள் அளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குடையும் வாசலில் மாட்டும், மழைக்கு மெல்லிய மழைக்கோட்டு போதும்.

ஈசூன் ரசிகை:

மிக்க நன்றி இருவருக்கும். தோழிக்கு என்னென்ன தாள் வேண்டும்? நேரம் மிச்சப்படுத்த விமானத்தில் போய் பேருந்தில் திரும்பினால் என்ன?

சாவடி வரிசை பதில்:

உங்களுக்குக் கடப்பிதழ் போதும், ஆனால் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். தோழிக்கும் அதே ஆறு மாதம். அத்துடன் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை, வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, எஸ் பாஸுக்கு இல்லை. அது இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் எதுவாக இருந்தாலும் அது குடிநுழைவுத்துறையுடையது அல்ல. இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா விலக்கை மலேசியா 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லலாம், கைப்பேசியில் தயாராக வைத்திருக்கட்டும். முகப்பில் முத்திரை குத்தினால் அது விழுந்திருக்கிறதா என்று நகர்வதற்கு முன்பே அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்த பதிவு இல்லாமல் வெளியேறப் போனால் அந்த நள்ளிரவில் தனி அறையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும், பேருந்தும் காத்திருக்காது. நீங்கள் தானியங்கி வாயிலில் சீக்கிரம் முடித்துவிடுவீர்கள், அவர் வரிசை வேறாக இருக்கலாம். எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தரைவழியாகத் திரும்பும்போது உங்கள் இருவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. விமானத்தில் திரும்பினால்தான் வேண்டும்.

பேருந்தின் பதிவு எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் வண்டிகள் பல துவாஸ் சோதனைச்சாவடி வழியாக வரும். அதிகாலை நாலரைக்கு அரைத் தூக்கத்தில் இறங்கினால் ஒரே நிறத்தில் ஐந்து வண்டி நிற்கும். சிங்கப்பூருக்குள் நுழையும்போது பை, தொப்பி, வாங்கிய பொருள் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கச்சேரிச் சட்டை, இசைத்தட்டு வாங்குவதாக இருந்தால் ஒரு கணக்கு. 48 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணத்துக்குப் பொருள் சேவை வரி விலக்கு 100 வெள்ளி வரைதான். அதற்கு மேல் போகும் தொகைக்கு 9 விழுக்காடு வரி. அந்த 100 வெள்ளி விலக்கும் எஸ் பாஸ் உட்பட எந்த வேலை அனுமதியும் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது, ஆகவே பொருள்களைத் தோழியின் பையில் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கும் சலுகை இல்லை. சிகரெட்டுக்கு யாருக்குமே இல்லை.

விமானம் பற்றி: பறப்பது ஒரு மணி நேரம்தான். சாங்கிக்கு முன்கூட்டிப் போவது, அங்கே இறங்கி வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தாலும் சனிக்கிழமை நெரிசலுக்கு இது மேல். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறாதீர்கள், அது நிற்காமல் கேஎல் சென்ட்ரலுக்குப் போய்விடும். டிரான்சிட் ரயில் பண்டார் தாசிக் செலாத்தானில் நிற்கும், அங்கேயே எல்ஆர்டிக்கு மாறிக்கொள்ளலாம். இரவுப் பேருந்து ஏறும் இடமும் அதுதான் என்பதால் வரும்போதே ஏறும் வாயில் எந்தத் தளம், போர்டிங் பாஸ் மாற்ற வேண்டுமா என்று பார்த்துவிடலாம்.

கிராஞ்சிக்காரர்:

விமானத்துக்குக் காசு இருந்தால் அதுவே சரி, மறுக்கவில்லை. ரயில் யோசனை யாருக்காவது இருந்தால்: 2025 டிசம்பரிலிருந்து இடிஎஸ் மின்ரயில் ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம் வரை வருகிறது, கோலாலம்பூருக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் எல்லையை ஐந்தே நிமிடத்தில் கடக்கும் ஷட்டில் தெப்ராவ் ரயில், வுட்லண்ட்ஸிலிருந்து காலை எட்டு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. வார இறுதி இடங்கள் வெகு முன்பே தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் பேருந்தில் கடந்து போக வேண்டும், அப்போது இடிஎஸ்ஸில் முன்பதிவு செய்த இருக்கை உங்களுக்காக நிற்காது. இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யுங்கள்.

சனிக்குப் பதில் ஞாயிறு இரவுக் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தால் வாங்காதீர்கள். திங்கள் விடியற்காலை ஜொகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கூட்டத்தோடு உங்கள் பேருந்தும் சேர்ந்துவிடும். ஒன்பது மணி வேலைக்குப் போய்ச் சேர மாட்டீர்கள்.

மேடைப்பக்கம்:

டெலிகிராமில் யாராவது டிக்கெட் விற்றால் கியூஆர் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், வாசலில் முதலில் வந்தவருக்குத்தான் கதவு திறக்கும். விற்பனைத் தளத்திலேயே பெயர் மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதன் வழியாக மட்டும் வாங்குங்கள்.