திருமலையில் தனியாக இருக்கும் அம்மாவும் கிணற்றடியும்

கேள்வி:
அம்மாவுக்கு 78 வயது. திருகோணமலை டவுனில், பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. அப்பா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் கொழும்பு வெள்ளவத்தையில். போன மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன் குசினியில். பக்கத்து வீட்டு அக்கா தேங்காய்த் திருவலை கேட்டு வந்தபடியால் தப்பினார்.

கொழும்புக்குக் கூட்டிவந்தேன். ஆறாம் மாடி. காலையில் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்நேரம் படலையடியில மான் வந்து நிக்கும்" என்பார். வாழைப்பழத் தோலைக்கூட எறியாமல் மானுக்கென்று ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். மூன்று கிழமையில் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இப்போது அண்ணா கனடாவிலிருந்து கமெரா பூட்டு, கிணற்றை மூடு என்கிறார். அம்மாவோ, "மூடினால் நான் குளிக்கமாட்டன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1:
கமெராவைப் பூட்டுங்கள். பிறகு பழகிவிடும்.

பதில் 2:
நான் உப்புவெளி. அப்பாவுக்கு 81, அவரும் தனியாகத்தான். கமெரா பூட்டிப் பார்த்தோம், மூன்றாம் நாள் அதன்மேல் துவாய் தொங்கியது.

கிணற்றை விட்டுவிட்டுக் கிணற்றடியைப் பாருங்கள். மேசனைப் பிடித்து சீமெந்தைச் சொரசொரப்பாகப் பூசுவித்தோம். மாரியில் கிழமைக்கு ஒருதரம் ஒரு பையன் வந்து பாசி தேய்ப்பான். குனிந்து வாளி இழுப்பதுதான் ஆபத்து, அதனால் மோட்டரால் பரலில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஒரு கதிரை. கதிரைக் கால்களில் ரப்பர் போட்டது, இல்லாவிட்டால் ஈரத்தில் சறுக்கும். இருந்தபடியே அள்ளி ஊற்றுவார். எழும்பப் பிடிக்க சுவரில் ஒரு பைப். வேப்பமரத்தடியில் குளிக்கிற சுகம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: பிரஷர் குளிசை போடுகிறாரா? படுத்தும் எழும்பி நின்றும் பிரஷர் பார்க்கும்படி டொக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு எழும்பினால் இறங்கியது. டொக்டர் குளிசையை மாற்றினார். கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் இப்போது எழும்புவார்.

இரவில் எரியும் விறாந்தை லைட்டைக் காலையில் எழும்பியதும் அப்பா அணைக்கவேண்டும். ஏழு மணிக்கும் எரிந்தால் எதிர்வீட்டார் சாவியோடு வருவார். ஒருநாள் அப்படி ஓடிவந்தால், மனிசன் லைட்டை அணைக்க மறந்து மீன் வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து எல்லோருக்கும் ஏச்சு. சரி, ஏசட்டும்.

பதில் 3:
பட்டன் போன் ஒன்றைப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், அந்த இலக்கத்தை மனப்பாடமாக்குங்கள்.

கேட்டவர்:
இரவு அம்மாவோடு கதைத்தேன். கதிரைக்குச் சம்மதம். லைட்டுக்கும் சம்மதம். சாவி மட்டும் எதிர்வீட்டுக்கு இல்லையாம், திருவலை அக்காவுக்குத்தானாம். பரல் நீல நிறத்தில் வேண்டாமாம். அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை.