நாலு சில்லுப் பூட்டிய மெசினை ஏன் மூன்றால் வகுக்க வேணும்?

கனகராயன்
நேற்றுச் சின்னத்தச்சன் ஒரு கேள்வி கேட்டிருந்தார். சீவுளி மெசின் 360 கிலோ, பட்டறை சின்னது, மரம் வந்து இறங்கினால் மெசினை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், என்ன சில்லுப் போடலாம் என்று. அதற்கு முதிரைக்கட்டை கொடுத்த பதிலை அப்படியே கீழே போடுகிறேன்.

"360ஐ நாலால் வகுத்தால் 90. தொண்ணூறு கிலோ தாங்கும் சில்லு நாலு வாங்கிப் பூட்டு, காணும். மூன்றால் வகுக்கச் சொல்பவன் சில்லு விற்பவன்."

நான் சில்லு விற்பதில்லை. கண்டாவளையில் கதவு, யன்னல் செய்கிறேன். நாலு சில்லும் ஒரே நேரத்தில் நிலத்தில் முட்டி நிற்கிற பட்டறை ஒன்றை வன்னியில் யாராவது காட்டட்டும். எங்கள் மேசன்மார் இழுத்த சீமெந்து நிலம் எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சில்லு அந்தரத்தில் நிற்கும், பாரம் மற்ற மூன்றிலும் இறங்கும். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும். 120. அதற்குக் குறைந்த சில்லைப் பூட்டச் சொல்வது பொடியனின் காலில் மெசினை விழுத்தச் சொல்வதுதான்.

முதிரைக்கட்டை
வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். நாலு சில்லுப் பூட்டினால் நாலால்தான் வகுப்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளும், சொல்லும்.

19 வருடமாக மாங்குளத்தில் தளபாடம் செய்கிறேன். என் வேலை மேசையின் பலகை மூன்று அங்குல முதிரை. கால் நாலும் பாலை. பாலை என்றால் தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம், அந்தப் பாரம் உமக்குத் தெரியுமோ தெரியாது. அதை நாலு சில்லில் நான் ஒரு கையால் தள்ளுகிறேன். என் நிலம் மட்டம் பிடித்துப் போட்டது. உமது நிலம் பள்ளம் என்றால் நிலத்தைத் திருத்தும், கணக்கைத் திருத்தாதேயும்.

முறிகண்டிக் கச்சான்
என் கச்சான் வண்டிலுக்கு இரண்டே சில்லு. எதால் வகுக்க வேணும் என்று பெரியவர்கள் முடிவு செய்து சொல்லவும்.

கனகராயன்
பகிடி இருக்கட்டும். நானும் முதலில் நாலால் வகுத்துத்தான் பூட்டினேன். வாள் மேசைக்கு. பட்டறை நிலத்துக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு விரல் அகலத்தில் வெடிப்பு. முன் சில்லு ஒன்று அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் மருமகன் தள்ளிக்கொண்டே இருந்தான். டக் என்று ஒரு சத்தம். பார்த்தால் சில்லின் மேல்தகடு அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது, உள்ளே கிடந்த குண்டுகள் எல்லாம் மரத்தூளுக்குள். ஒன்றைக்கூடப் பொறுக்க முடியவில்லை. மேசை என் பக்கம் சரிய, பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன், விலகினேன். அப்புறம்தான் மூன்றால் வகுக்கப் பழகினேன்.

முதிரைக்கட்டை
அது சில்லின் பிழையில்லை, மருமகனின் பிழை. இரண்டு அங்குலச் சில்லுப் பூட்டியிருப்பீர். சின்னச் சில்லுக்கு ஒரு திருகாணி குறுக்கே கிடந்தாலே மலை. நாலு அங்குலம் போட்டிருந்தால் அந்த வெடிப்பை அது கண்டிருக்கவும் மாட்டாது. இதற்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? 360 வகுத்தல் 4, விடை 90.

சின்னத்தச்சன்
அண்ணைமார், நைலோனா றப்பரா என்றும் சொன்னால் நல்லது. மற்றது, 90 கிலோ தாங்கும் என்று சில்லில் போட்டிருப்பது நிற்கும்போதா ஓடும்போதா?

டொரன்டோ வன்னியன்
இங்கே கார் நிறுத்துகிற கராஜில்தான் என் பட்டறை. பனிக்காலத்தில் காருக்கு இடம் விட வேண்டும், ஆகவே ஒன்று விடாமல் எல்லாம் சில்லில். என் அனுபவத்தில் நீங்கள் இருவரும் பிழை. நாலு கால் மேசை சீரில்லாத நிலத்தில் ஆடுமே, அப்போது எதிரெதிர் மூலை இரண்டிலும்தான் கிட்டத்தட்ட முழுப் பாரமும் நிற்கும். இரண்டால் வகுங்கள். 180.

இன்னொன்று, வேலை செய்யும்போது மேசை சில்லில் நிற்கவே கூடாது. நான் செய்தது இது. ஒரு தடித்த பலகையின் அடியில் இரண்டு சில்லு. அந்தப் பலகையை மேசையின் கால்களுக்கு இடையில் கதவுப் பிணைச்சலால் தொங்கவிட்டிருக்கிறேன். காலால் மிதித்தால் சில்லு நிலத்தை அமத்தி மேசை அரை அங்குலம் எழும்பும், மேலிருந்து ஒரு கட்டை விழுந்து முட்டுக் கொடுக்கும். தள்ளி முடிந்ததும் கட்டையைக் காலால் தட்டினால் மேசை தன் காலில் இறங்கிவிடும். மறுபக்கமும் இதே மாதிரி. செலவு பிணைச்சல் நாலும் சில்லு நாலும்தான்.

முதிரைக்கட்டை
நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகிவிட்டது. நாளைக்கு லண்டனில் இருந்து ஒருவர் வந்து ஒன்றால் வகுக்கச் சொல்வார். காரை வெளியே விட்டுவிட்டு வேலை செய்கிற ஆளுக்கு எங்கள் பட்டறை பற்றி என்ன தெரியும்? பிணைச்சலும் கட்டையும் எதற்கு? பூட்டுள்ள சில்லைப் பூட்டினால் மேசை நிற்கும்.

டொரன்டோ வன்னியன்
நிற்காது. உங்கள் பூட்டு சில்லு உருளுவதைத்தான் நிறுத்தும், சில்லு தலையைத் திருப்புவதை நிறுத்தாது. கைச்சீவுளியால் நாலு இழுவை இழுத்துப் பாருங்கள், மேசை வாலாட்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டுகிற சில்லு வேறு இருக்கிறது.

முதிரைக்கட்டை
என் மேசை வாலாட்டாது. முதிரை.

முறிகண்டிக் கச்சான்
அந்த மூன்று அங்குல முதிரைக்குப் பெர்மிற் எடுத்தீர்களா அண்ணை? சும்மா அறிவுக்குக் கேட்டேன்.

முதிரைக்கட்டை
எடுத்தது. கொண்டுவந்த நாளும் தெரியும், பெர்மிற்றின் பிரதியும் பெட்டிக்குள் இருக்கிறது. உமது கச்சான் எந்தக் குளத்துக்குக் கீழ் விளைந்தது என்று நான் கேட்டேனா?

அலவாங்கு
இவ்வளவு நேரம் பேசாமல் வாசித்தேன். சில்லுக்குச் சண்டை பிடிக்கிற ஒருவரும் பாரம் நகர்த்திய ஆள் இல்லை என்று தெரிகிறது.

எனக்குப் பரந்தனில் லேத் இருந்தது. எண்ணூறு கிலோவுக்குக் குறையாது. சில்லும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. ஐந்தடி அலவாங்கு ஒன்று, ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் நாலு, ஒரு கட்டை. அலவாங்கின் நுனியில் இருந்து மூன்று அங்குலத்தில் கட்டையை முட்டுக் கொடுத்து, மற்ற முனையில் 25 கிலோ அமத்து. அங்கால் 475 கிலோ எழும்பும். ஒரு விரல் எழும்பினால் காணும், குழாயை உள்ளே தள்ளு. பிறகு மெசினைத் தள்ள, பின்னால் வெளியே வருகிற குழாயை எடுத்து முன்னால் போடு. திருப்ப வேணும் என்றால் குழாயைச் சரித்து வை, மெசின் தானே திரும்பும். ஒருவன் அலவாங்கு, ஒருவன் குழாய், ஒருவன் தள்ளுவது. கையைக் குழாய்க்கும் நிலத்துக்கும் இடையில் வைக்கிறவனை மட்டும் வேலைக்கு எடுக்காதே.

லேத்துக்கும் சில்லுப் போடலாம் என்று போன மாதம் இங்கே ஒருவர் எழுதினார். அவர் முகத்தைப் பார்க்க ஆசை. அடிப்படுகை ஒரு மயிரளவு முறுகினாலே கடைகிற தண்டு ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வரும். அதற்கு வைக்கிற மட்டம் மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் வித்தியாசத்தையே காட்டும். அதைக் கொண்டுபோய்ச் சில்லில் வைப்பதாம்.

முதிரைக்கட்டை
ஐயா, மூன்று பேருக்கு இப்போது எங்கே போவது? ஒருவன் கட்டாரில், ஒருவன் கனடாவில், மற்றவன் டிக்டொக்கில். தனி ஆளாகப் பட்டறை நடத்துகிறவனுக்குச் சில்லு வேணும். லேத் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி சீவுளி மெசின், 360 கிலோ.

அலவாங்கு
2008இல் அந்த லேத்தை டிராக்டர் பெட்டியில் ஏற்றியதும் மூன்று பேர்தான். நான், தம்பி, பக்கத்துச் சைக்கிள் கடைப் பொடியன். இரண்டு பனங்குற்றியைச் சாய்த்து, மேலே குழாய் போட்டு, பின்னால் கயிறு பிடித்து. பரந்தனில் இருந்து தருமபுரம், அங்கிருந்து விசுவமடு. இரண்டு தரம் ஏற்றி இரண்டு தரம் இறக்கினோம். ஒரு கைப்பிடிகூட உடையவில்லை. சில்லுக்கு எதால் வகுப்பது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

டொரன்டோ வன்னியன்
இப்போது அந்த லேத் எங்கே ஐயா?

அலவாங்கு
விசுவமடுவில் விட்டது. மூன்றாம் தரம் ஏற்ற முடியவில்லை. பரந்தனில் பழைய இடத்தில் போல்ட் இறக்கிய துளை நாலும் சீமெந்தில் இன்னும் இருக்கிறது.

முதிரைக்கட்டை
ஐயா பெரியவர், அதில் கதையில்லை. ஆனால் 360ஐ நாலால் வகுத்தால் 90தான்.

கனகராயன்
உமக்கு வேறு ஒன்றும் தெரியாது போல. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்த அன்று என் பட்டறைக்குள் முழங்கால் வரை தண்ணீர். வருகிறது என்று கேள்விப்பட்டதும் பலகை சரித்து, மூன்று மெசினையும் உயரத் திண்ணைக்கு ஏற்றிவிட்டேன். நானும் மனைவியும் மட்டும். மோட்டர் ஒன்றுகூட நனையவில்லை. மூன்றால் வகுத்த சில்லு ஐயா அது. சரிவுப் பலகையில் ஏறும்போது பாரம் முழுக்கப் பின்பக்கம் சாயும். 90இல் நின்றிருந்தால் அன்று மெசினும் போயிருக்கும், மனைவியும் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள்.

முதிரைக்கட்டை
தள்ளியது நாலு சில்லிலா மூன்று சில்லிலா? நாலில்தானே? அப்ப என்ன?

சின்னத்தச்சன்
நைலோனா றப்பரா என்று கேட்டிருந்தேன்.

கனகராயன்
தம்பி, றப்பர் வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், பிறகு தள்ளும்போது நொண்டும். நைலோன் தாங்கும், ஆனால் சத்தம், கரடு நிலத்தில் பல் கூசும். கிடைத்தால் பொலியூரித்தேன் எடும். 120 கிலோ.

முதிரைக்கட்டை
நைலோன். 90 கிலோ. சத்தம் வந்தால் வரட்டும், பட்டறைக்குள் பிள்ளை நித்திரை கொள்கிறதா?

மற்றது, கனகராயன் யார் என்று இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது. மருமகன், உயரத் திண்ணை, வாள் மேசை. போன வருடம் தைப்பொங்கலுக்கு முதல் என்னிடம் இரண்டு சி கிளாம்ப் வாங்கிக்கொண்டு போனவர் நீர்தான். எட்டு அங்குலம், பச்சை நிறம். ஒரு கிழமை என்றீர்.

கனகராயன்
இரண்டு இல்லை, ஒன்று. அதன் திருகும் தேய்ந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன கோயில் கட்டவா?

முதிரைக்கட்டை
இரண்டு. இரண்டையும் ஒன்றாகத்தான் வகுப்பீர் போல.

சின்னத்தச்சன்
கடைக்குப் போய்விட்டு வந்தேன். 90 கிலோவும் இல்லையாம், 120உம் இல்லையாம். நாலு அங்குலத்தில் 100 கிலோ மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா?

முதிரைக்கட்டை
வாங்கும். 90க்கு மேல்தானே. நான் சொன்னது சரி என்று கடைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது.

கனகராயன்
வாங்க வேண்டாம். 120க்குக் கீழே.

முறிகண்டிக் கச்சான்
ஆறு வாங்கிப் பூட்டு தம்பி. இவர்கள் ஆறால் வகுத்து முடிக்கிறதற்குள் நீ மரம் சீவி முடித்துவிடலாம்.

அலவாங்கு
தம்பி, என் அலவாங்கு வீட்டில்தான் கிடக்கிறது. பரந்தன் சந்திக்கு வந்து கேள்.

முதிரைக்கட்டை
கேட்டு வாங்கினால் திருப்பிக் கொடும் தம்பி. சிலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கனகராயன், வெள்ளிக்கிழமை நான் கண்டாவளைப் பக்கம் வருகிறேன். இரண்டு கிளாம்ப்.

கனகராயன்
வாரும். ஒன்று இருக்கிறது. வரும்போது ஒரு மட்டப்பலகையும் கொண்டு வாரும், உமது பட்டறை நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு.