ஊட்டி ஃபிலிம் கம்பெனியைக் கொன்னது வரியா, டிஜிட்டல் கேமராவா?

குந்தா_காத்து:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார். "ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடினதுக்கும் இறக்குமதி வரி குறைஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லை. டிஜிட்டல் கேமராதான் கொன்னுச்சு. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாத்த வரி போடறது வெட்டி வேலை." படிச்சதிலிருந்து டீ தொண்டையில இறங்கல. சார், கம்பெனியை நலிவடைஞ்சதுன்னு அறிவிச்சது 1996. அந்த வருஷம் ஊட்டி சேரிங் கிராஸ்ல எத்தனை பேர் டிஜிட்டல் கேமராவோட நின்னாங்க?

திறந்த_சந்தை:
அந்த ஒருத்தர் நான்தான், நேராவே திட்டலாம். கோடக்ல இருந்த ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமராவை 1975லயே செஞ்சாச்சு. அந்தக் கோடக்கே 2012 ஜனவரியில திவால் மனு போட்டுச்சு. உலகத்துக்கே ஃபிலிம் வித்தவன் விழுந்தான், நம்ம ஊட்டி இந்து நகர் ஃபேக்டரி எம்மாத்திரம்?

குந்தா_காத்து:
1975ல அமெரிக்காவில செஞ்ச பெட்டியைப் பார்த்துப் பயந்து ஊட்டி 1996ல படுத்துருச்சாக்கும்! கோடக் விழுந்தது 2012. கழிச்சுப் பாருங்க, 16 வருஷம். எழவு விழுந்து 16 வருஷம் கழிச்சு ஊருக்குள்ள வந்தவனைக் கொலைகாரன்ங்கறீங்க.
இன்னொண்ணு. அந்தக் கம்பெனி 'இந்து'ங்கற பேர்ல வித்த ஃபிலிம்னா உங்களுக்குக் கல்யாண போட்டோ மட்டும்தான் ஞாபகம். எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கதான் போட்டாங்க. 1996ல கால் முறிஞ்சவனுக்கு டிஜிட்டல் கேமராவிலயா படம் எடுத்தாங்க?

இருட்டறை_பெருசு:
அந்த ஃபேக்டரி கோட்டிங்ல வேலை பார்த்தவன் சொல்றேன், கேளுங்க தம்பிகளா. ஜெலட்டினும் வெள்ளி உப்பும் கலந்து ஃபிலிம் மேல பூசணும். தூசி ஆகாது, வெளிச்சம் ஆகாது. அதுக்குத்தான் இந்தக் குளிர்ல கொண்டாந்து வச்சாங்க. வரியும் இல்ல, கேமராவும் இல்ல. பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கின கடன், அதோட வட்டிதான் கழுத்தை நெரிச்சது.

குந்தா_காத்து:
ஐயா, உங்களைக் கும்பிடறேன். ஆனா கடன் வாங்கிப் போட்ட மிஷின் சம்பாதிக்கறதுக்குள்ள 1991ல இறக்குமதிக்குக் கதவைத் திறந்து விட்டா வட்டியை எங்கேருந்து கட்டறது? சுத்திச் சுத்தி வரிகிட்டதான் வருது.

இருட்டறை_பெருசு:
நான் சொன்னது அதில்லப்பா.

திறந்த_சந்தை:
ஊட்டி பக்கத்துல எல்லநள்ளி ஊசி ஃபேக்டரி 1949ல ஆரம்பிச்சது. அதே குளிர், அதே மலை, அதே 1991. இன்னைக்கும் வெளிநாட்டுக்கு ஊசி போகுது. அதுக்கு யாரு வரிச் சுவர் கட்டினா? இதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார் பாருங்க.

குந்தா_காத்து:
சொல்றேனே. 1949லிருந்து 1991 வரைக்கும் 42 வருஷம் சுவருக்குள்ள நின்னு வளர்ந்ததுதான் அந்த ஊசி. வளர்ந்த பிள்ளையைக் காட்டி, தொட்டில் எதுக்குன்னு கேக்கறீங்க.

திறந்த_சந்தை:
ஃபிலிமும் 1960லிருந்து தொட்டில்லதானே கெடந்தது? கலர் ஃபிலிமை ஜம்போ ரோலா, அதாவது பெரிய பெரிய சுருளா, வெளிநாட்டிலிருந்து வரவழைச்சு, இங்க வெட்டிப் பெட்டியில போட்டதுக்குப் பேரு உள்நாட்டு உற்பத்தியா? சரி, நீங்க டைப் அடிக்கிற போன் எந்த ஊரு?

குந்தா_காத்து:
ஸ்ரீபெரும்புதூர்ல பாகங்களைச் சேர்த்துப் பூட்டினது.

திறந்த_சந்தை:
பூட்டினது! அதுவும் ஜம்போ ரோல்தான்.

வர்க்கி_ரசிகை:
அண்ணா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எங்க வீட்டுல தேயிலைதான் சோறு. சோவியத் உடைஞ்சப்ப நம்ம தூளை வாங்கற பெரிய கை போச்சு. அந்த அடி வெளியிலிருந்து சரக்கு வந்ததால விழல, நம்ம சரக்கு வெளியே போகாததால விழுந்துச்சு. அப்புறம் 2000ல இலங்கையோட போட்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப, இறக்குமதிங்கற பயம் வேற. ஒரு கதவைத் திறன்னும், இன்னொண்ணைச் சாத்துன்னும் ஒரே வாயால கேக்கற நெலமை எங்களுக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

குந்தா_காத்து:
தங்கச்சி, தேயிலைக்குத் தனித் தலைப்பு போடு, வந்து பேசறேன். இங்க கேள்வி ஒண்ணுதான். 1996ல டிஜிட்டல் கேமரா இருந்துச்சா?

வர்க்கி_ரசிகை:
நீங்க வர மாட்டீங்கண்ணா. போன தடவையும் இதேதான் சொன்னீங்க.

திறந்த_சந்தை:
மலை ரயில் தலைப்புல தோத்த கோபம் இன்னும் ஆறல அவருக்கு.

குந்தா_காத்து:
யாரு தோத்தா? நீராவி எஞ்சினை ஸ்விட்சர்லாந்திலதான் செய்ய முடியும்னு சாதிச்சது நீங்க. திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில புதுசா செஞ்சு மலையேத்தினாங்க. அன்னைக்கு ஓடி ஒளிஞ்ச ஆளு இன்னைக்கு ஊசியைத் தூக்கிட்டு வந்திருக்கார். கோயமுத்தூர்ல ஃபேன் அடியில உக்காந்துக்கிட்டு எங்க ஊர்க் கதையை எங்களுக்கே சொல்றார்.

திறந்த_சந்தை:
நான் பொறந்தது ஊட்டி பக்கத்துல லவ்டேல். ஒரு எஞ்சினுக்கு என்ன செலவு ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க, நான் வாபஸ் வாங்கிக்கறேன்.

குந்தா_காத்து:
1996ல டிஜிட்டல் கேமரா இருந்துச்சான்னு நீங்க சொல்லுங்க, நான் எஞ்சின் செலவைச் சொல்றேன்.

திறந்த_சந்தை:
1975.

குந்தா_காத்து:
1996.

மேட்டுப்பாளையம்_பஸ்:
சாமிகளா, பர்லியார் ரோடு இப்ப திறந்திருக்கா? பூண்டு லோடு இறக்கணும்.

குந்தா_காத்து:
திறந்துதான் இருக்கு, மெதுவா வாங்க, பனி மூட்டம். அதெல்லாம் சரி, லவ்டேல்காரர் எங்க போயிட்டார்?